தோற்கவே முடியாத தேர்வு

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு, வெள்ளை உடுப்பில் நூறு பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு மேசை. பெற்றோர் பணம் கட்டி ரசீது வாங்குகிறார்கள். சிலர் போனில் பணம் அனுப்பிவிட்டுத் திரையைக் காட்டுகிறார்கள். மேடையில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத புது பெல்ட்டுகள் நிறவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன: மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. பக்கத்தில் ஒரு கட்டுச் சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயர், பெறப்போகும் பெல்ட்டின் நிறம், தலைமைப் பயிற்சியாளரின் கையெழுத்து, முத்திரை எல்லாம் தயார். தேர்வு இன்னும் தொடங்கவில்லை.

தமிழ்நாட்டில் பெரிய ஊர் எதிலும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை காணக்கூடிய காட்சி இது. கராத்தே வகுப்புகளில் இதை 'பெல்ட் டெஸ்ட்' என்றும் 'கிரேடிங்' என்றும் சொல்வார்கள். ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்து 'கட்டா' என்ற வரிசை அசைவுகளைச் செய்வார்கள். இடப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பிய சிறுமி, முன்னால் நிற்பவனைப் பார்த்துப் பார்த்தே கையை நீட்டிய சிறுவன், பாதியில் மறந்து விழித்தவன், எல்லோருக்கும் தேர்ச்சி. பகல் ஒரு மணிக்குள் புது பெல்ட்டோடு குடும்பப் படம் எடுத்து முடித்திருப்பார்கள்.

கராத்தே சொல்லிக்கொடுத்துப் பிழைப்பதில் ஒரு தவறும் கிடையாது. பாட்டு வாத்தியார் சம்பளம் வாங்குகிறார், நீச்சல் பயிற்சியாளர் வாங்குகிறார், கராத்தே மாஸ்டரும் வாங்கவேண்டியதுதான். கேடு வேறொரு இடத்தில் இருக்கிறது. கற்றுத்தருபவரே தேர்வு வைக்கிறார், அவரே தேர்வுக் கட்டணம் வாங்குகிறார், அவரே சான்றிதழ் அச்சடிக்கிறார். ஒரு பிள்ளையைத் 'தேறவில்லை' என்று சொன்னால் அவருக்குத்தான் நட்டம். இந்த ஏற்பாட்டில் தரம் சரியாமல் இருந்தால்தான் வியப்பு.

பெல்ட் என்பது கராத்தேயோடு பிறந்ததும் அல்ல. ஒகினாவாத் தீவில் இக்கலை கைமாறிவந்த காலத்தில் நிறப்பட்டைகள் கிடையாது. 1901இல் ஆங்கோ இத்தோசு அதைப் பள்ளிக்கூட உடற்பயிற்சியாகக் கொண்டுவந்தபோதும் கிடையாது. 1922இல் கிச்சின் ஃபுனகோஷி என்ற ஒகினாவாப் பள்ளி ஆசிரியர் தோக்கியோவுக்குச் சென்று கராத்தேயைச் செய்துகாட்டினார். அங்கே ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ கறுப்பு பெல்ட்டுக்கு வகுத்திருந்த 'டான்' தரவரிசையைத் தம் கலைக்கும் எடுத்துக்கொண்டார். 1924 ஏப்ரலில் அவர் முதன்முதலாக டான் தகுதி வழங்கியது ஏழு பேருக்கு. நிறநிறமான பெல்ட்டுகள் அதற்கும் பிற்பாடு வந்தவை. 1930களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த மிக்கினோசுகே கவாய்ஷி வழியாக ஐரோப்பாவில் பரவியவை.

அந்த ஏழு பேரும் ஃபுனகோஷியிடம் பயின்றது இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. 'அப்படியானால் இன்றைய மாஸ்டர்கள் சீக்கிரமே கறுப்பு பெல்ட் தருவதில் என்ன தவறு?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களில் ஹிரோனோரி ஓட்சுகா ஏற்கெனவே ஜுஜுட்சு என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலையில் தேர்ந்தவர். ஷின்கின் கிமா ஒகினாவாவிலேயே கராத்தே பயின்றுவிட்டு வந்தவர். அதைவிட முக்கியம், அன்று அந்தத் தகுதிக்கு இருந்த பொருள். முதல் கறுப்பு பெல்ட்டுக்கு 'ஷோடன்' என்று பெயர். ஆரம்பப் படி என்று அர்த்தம். அடிப்படை கைவந்துவிட்டது, இனிமேல் கற்கத் தொடங்கலாம் என்ற அனுமதி அது. நம் ஊர் பிளெக்ஸ் பேனரில் அதுவே படிப்பு முடிந்த பட்டமாகிவிட்டது.

பெல்ட்டே வழங்காமல் பெரும் ஆசானாக வாழ்ந்தவர்களும் உண்டு. கோஜு-ரியூ என்ற பிரிவை நிறுவிய சோஜுன் மியாகி 1953இல் இறக்கும்வரை தம் மாணவர் ஒருவருக்கும் டான் தகுதி வழங்கவில்லை. இன்று உலகெங்கும், தமிழ்நாட்டிலும்கூட, அவர் பிரிவின் பெயரால் டான் சான்றிதழ்கள் வழங்கப்படுகின்றன.

பணத்தின் நெருக்கடி அந்தக் காலத்து ஆசான்களுக்கும் இருந்தது. தோக்கியோவில் ஃபுனகோஷி ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் தங்கி, அங்கே பெருக்கித் துடைத்து, காவல் காத்துக் காலம் தள்ளினார். செலவுக்கு இல்லாத நாட்களில் தொப்பியையும் கிமோனோவையும் அடகுக் கடைக்குக் கொண்டுபோனதைத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். நம் ஊரிலும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மாநகராட்சிப் பூங்காவில் பத்துப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஒரே குத்தை நூறு முறை போடவைத்து, இடுப்பையும் குதிகாலையும் திருத்திக்கொண்டிருக்கும் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். மாதக் கட்டணத்தை நாலு பேர் தராமல் இழுத்தடித்தாலும் பிள்ளையை வெளியே நிறுத்தாதவர்கள் அவர்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு எதிரானது அல்ல. இன்றைய சந்தையில் முதலில் தோற்பவர்கள் அவர்கள்தான்.

எப்படித் தோற்கிறார்கள்? ஒரு பையனைப் பார்த்து, 'தம்பி, உன் பின்கால் இன்னும் வளைகிறது, அடுத்த தேர்வுக்கு வா' என்று சொல்கிறார் ஒரு மாஸ்டர். வீட்டில் பேச்சு எழுகிறது: கூடச் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் வேறு கிளாஸில் பச்சை பெல்ட் வாங்கிவிட்டானே! அடுத்த மாதம் பையனும் அங்கே போய்விடுகிறான். நேர்மையான மாஸ்டருக்கு ஒரு மாணவன் குறைகிறான், அவனோடு வந்த தங்கையும் குறைகிறாள். இரண்டு வருடம் இப்படிப் போனால் அவரும் மண்டபம் பிடித்து, சான்றிதழை முன்கூட்டியே அச்சடிக்கத் தொடங்குவார். இல்லையென்றால் கிளாஸை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போவார்.

பள்ளி வளாகத்துக்குள் நடக்கும் வகுப்புகளில் இன்னொரு பங்குதாரரும் உண்டு. தனியார் பள்ளிகள் பல, கராத்தேயைக் கூடுதல் செயல்பாடாகச் சேர்த்துப் பெற்றோரிடம் கட்டணம் வாங்கி, அதில் ஒரு பங்கை மட்டும் பயிற்சியாளருக்குத் தருகின்றன. வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பீரியட். அதில் அவர் பார்க்கக்கூடிய உண்மையான வருமானம் தேர்வுக் கட்டணத்தில்தான் இருக்கிறது. தேர்வுகள் ஏன் அடிக்கடி வருகின்றன என்பதற்கு இந்த ஒரு கணக்கே விளக்கம்.

கணக்கை நீட்டிப் பார்க்கலாம். பல பிரிவுகளில் கறுப்பு பெல்ட்டுக்குக் கீழே பத்துப் படிகள். மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு, தோல்வியே இல்லை என்றால் இரண்டரை ஆண்டில் கறுப்பு பெல்ட். ஆறு வயதில் சேர்ந்த பிள்ளை ஒன்பது வயது நிறையுமுன் 'பிளாக் பெல்ட்' ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு உழைப்பு இல்லை என்று சொல்லக்கூடாது; வாரம் இரண்டு நாள் தவறாமல் போயிருக்கும், வியர்த்திருக்கும். ஆனால் ஒன்பது வயது உடலுக்கும் மனதுக்கும் பெரியவர்களின் தகுதியைக் கொடுப்பது அதை ஏமாற்றும் வேலை. டேக்வாண்டோவின் தலைமையகமான கொரியாவின் குக்கிவோன் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது: 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டான் கிடையாது, 'பூம்' என்ற தனித் தகுதிதான், பெல்ட்டும் சிவப்பும் கறுப்புமாக வேறு. பிள்ளையின் உழைப்புக்கும் மரியாதை, பெரியவர்களின் தகுதிக்கும் மரியாதை.

மேலே உள்ளவர்களின் பட்டங்களும் இதே வேகத்தில் ஏறுகின்றன. நாற்பது வயதில் எட்டாம் டான், ஒன்பதாம் டான், பெயருக்கு முன் 'கிராண்ட் மாஸ்டர்', அதற்கும் முன் யார் கொடுத்தது என்று தெரியாத ஒரு கௌரவ டாக்டர் பட்டம். ஜப்பான் கராத்தே சங்கத்தின் தலைமைப் பயிற்சியாளராக இருந்து ஷோட்டோகான் பிரிவை உலகெங்கும் கொண்டுசென்ற மசாதோஷி நகாயாமா, 1987இல் 74 வயதில் காலமானார். வாழ்ந்த காலத்தில் அவர் எட்டிய தகுதி ஒன்பதாம் டான்.

பெல்ட்டுக்கு அடுத்த சரக்கு பதக்கம். 'அகில இந்திய ஓபன்', 'சர்வதேச சாம்பியன்ஷிப்' என்று அறிவிக்கப்படும் போட்டிகளில் பலவற்றின் சூட்சுமம் மிக எளியது. வயது, எடை, பெல்ட் நிறம் என்று பிரித்துப் பிரித்து ஒரு பிரிவுக்கு நான்கு பிள்ளைகள் என்று கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். கராத்தேயில் ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் தருவது வழக்கம். நான்கு பேருக்கு நான்கு பதக்கம். நுழைவுக் கட்டணம் கட்டிய யாரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஒரு சண்டையும் வெல்லாத பிள்ளை கழுத்தில் வெண்கலத்தோடு வந்து நிற்கும். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் 'சர்வதேசப் போட்டியில் சாதனை' என்ற படத்தில் அதுவும் இருக்கும். இந்தப் படங்களை ஒரு கேள்வியும் கேட்காமல் வெளியிடும் பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. போட்டியை நடத்தியது யார், எந்தச் சம்மேளனம் அங்கீகரித்தது, அந்தப் பிரிவில் எத்தனை பேர் ஆடினார்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டிருந்தால் பாதிப் படங்கள் அச்சேறியிருக்காது.

யார் அங்கீகரித்தது என்பது எளிய கேள்வியும் அல்ல. இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தை 2020இல் உலகக் கராத்தே சம்மேளனம் விலக்கிக்கொண்டது. உச்சியிலேயே இப்படி என்றால், மாவட்டத்துக்கு மாவட்டம் முளைத்திருக்கும் சங்கங்களில் எதன் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு என்று ஒரு பெற்றோருக்கு எப்படித் தெரியும்? விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்று நம்பிப் பத்து வருடம் கட்டணம் கட்டிய குடும்பம், அந்தத் தாளை நீட்டும் நாளில்தான் அதன் மதிப்பை அறிகிறது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தேசிய அமைப்புகளை ஒழுங்குபடுத்த வந்தது. தெருமுனையில் போர்டு மாட்டுபவரை அது தொடாது. அவர் யாரிடம் கற்றார், எவ்வளவு கற்றார், முதலுதவி தெரியுமா, முன்பு எங்கே இருந்தார் என்று கேட்க இன்று ஒருவரும் இல்லை.

இதில் உடலுக்கு நேரும் சேதமும் உண்டு. 'உலக சாதனை' என்ற பெயரில் பிள்ளைகளை ஓடு உடைக்கச் சொல்கிறார்கள்; விரித்த கைகளின் மேல் பைக்கை ஏற்றுகிறார்கள். வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளில் இன்னும் கெட்டிப்படாத குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கும். அந்த எலும்பு நீள்வதே அவற்றால்தான். அங்கே விழும் அடி, அந்த எலும்பின் வளர்ச்சியையே கோணலாக்கக்கூடும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் தற்காப்புக் கலைகள் குறித்து 2016இல் வெளியிட்ட அறிக்கை, தலைக்கவசம் மூளை அதிர்ச்சியைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது என்று பெற்றோரை எச்சரித்தது. பிள்ளைகளுக்கு அடி படாத பயிற்சி முறைகளே நல்லது என்றது. நம் ஊர் மேடையில் கவசம் என்பதே அபூர்வம்.

அடியைக் கட்டுப்படுத்துவதுதான் கராத்தேயின் கல்வி. 2021 ஆகஸ்டில் தோக்கியோ ஒலிம்பிக்கின் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிச் சுற்றில் இதை உலகமே பார்த்தது. சவூதி வீரர் தாரெக் ஹமேதி 4-1 என்று முன்னணியில் இருந்தார். அவர் வீசிய உதை ஈரானின் சஜ்ஜாத் கஞ்ச்சாதேயின் தலையில் விழ, கஞ்ச்சாதே நினைவிழந்து சரிந்தார். ஸ்டிரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டவருக்குத் தங்கம். நின்றுகொண்டிருந்தவர், கட்டுப்பாடு மீறிய அடிக்காகத் தகுதிநீக்கம் பெற்று வெள்ளியோடு திரும்பினார். அந்தத் தீர்ப்பு சரியா என்று இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. ஆனால் தங்கத்தின் வாசலில் நின்ற வீரரிடமே கட்டுப்பாட்டைக் கேட்ட கலை, எட்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை மேடைக் கைத்தட்டலுக்குப் பணயம் வைக்கலாமா?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் கவலை இன்னொரு சந்தையாகியிருக்கிறது. 'பத்தே நாளில் தற்காப்பு' என்று விளம்பரம். மணிக்கட்டைப் பிடித்தால் எப்படித் திருகி விடுவிப்பது என்று, பிடியை இறுக்காமல் ஒத்துழைக்கும் தோழியோடு இரண்டு முறை செய்து பார்ப்பதோடு பயிற்சி முடிகிறது. எதிர்க்கும் ஆளிடம் அந்தத் திருப்பல் வேலை செய்யுமா என்று அவள் ஒருநாளும் சோதித்ததில்லை. தன்னால் முடியும் என்ற பொய் நம்பிக்கை, ஓடவேண்டிய நேரத்தில் ஒரு பெண்ணை நின்று சண்டையிட வைத்துவிடும். உரக்கக் கத்துவது, ஆள் நடமாட்டம் உள்ள பக்கம் ஓடுவது, நடந்ததை யாரிடம் சொல்வது என்பதெல்லாம்தான் தற்காப்பின் முதல் பாடங்கள். அவற்றுக்கு பெல்ட் கிடையாது என்பதால் வகுப்பிலும் இடம் கிடைப்பதில்லை.

இங்கே எல்லாவற்றையும்விடக் கசப்பான செய்தியையும் சொல்லியாக வேண்டும். 2021 மே மாதம் சென்னையில் ஒரு பள்ளி ஆசிரியர் மீதான பாலியல் புகார் வெளிவந்ததும், பல பெண்கள் பேசத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த நாட்களில் கைதானவர்களில் தடகளப் பயிற்சியாளர் ஒருவரும், தற்காப்புக் கலை கற்பித்த ஒருவரும் இருந்தனர். தன்னைக் காத்துக்கொள்ளக் கற்கப்போன இடத்திலேயே ஆபத்து. கராத்தே வகுப்பில் கீழ்ப்படிதல் ஒரு பயிற்சி. மாஸ்டர் சொன்னால் 'ஓஸ்' என்று தலைகுனிந்து செய்வதே மரியாதை. கையைப் பிடித்துத் திருத்துவதும் இடுப்பைத் தொட்டு நிமிர்த்துவதும் அன்றாடம் நடப்பவை. எந்தத் தொடுதல் பாடம், எது குற்றம் என்று பிள்ளைக்குச் சொல்லித்தராத வகுப்பில், கெட்ட எண்ணம் கொண்டவன் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. பிள்ளையின் நம்பிக்கைக்கு உரிய நிலையில் இருப்பவர் செய்யும் குற்றத்தை, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் கூடுதல் கடுமையோடு பார்க்கிறது. தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பவருக்கும் தண்டனை உண்டு என்கிறது. 'சங்கத்தின் பெயர் கெட்டுவிடும்' என்று விஷயத்தை உள்ளுக்குள் முடித்துவைக்கும் நிர்வாகிகள் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

திருத்த முடியாத நிலை அல்ல இது. பிரான்ஸில் டான் தகுதி சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அதற்கென அமைந்த ஆணையம் வழங்காத டானை ஒருவர் சூட்டிக்கொள்ள முடியாது. சம்பளத்துக்கு விளையாட்டுப் பயிற்சி தர அரசு அங்கீகரித்த தகுதியும் வேண்டும். இங்கிலாந்தில் தற்காப்புக் கலைப் பள்ளிகளுக்கென்று குழந்தைப் பாதுகாப்பு விதித்தொகுப்பு ஒன்று உண்டு. பயிற்சியாளரின் பின்னணி சரிபார்க்கப்பட்டு, அந்த முத்திரை பெற்ற பள்ளிகள் தங்கள் பகுதியில் எவை என்று பெற்றோர் தேடிப் பார்க்கலாம். விளையாட்டுப் பயிற்சியாளரை, பிள்ளையின் நம்பிக்கைக்குரிய நிலையில் இருப்பவராக 2022இல் அந்நாட்டுச் சட்டம் வெளிப்படையாகச் சேர்த்துக்கொண்டது.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்க, மாவட்டம்தோறும் அலுவலர்களைக் கொண்ட விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தற்காப்புக் கலை கற்பிக்கும் ஒவ்வொருவரையும் மாவட்டப் பதிவேட்டில் சேர்க்கலாம். பதிவுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பும் முதலுதவிச் சான்றும் நிபந்தனை. தேர்வுக் கட்டணம், அடுத்தடுத்த தேர்வுகளுக்கு இடையே உள்ள காலம், மாஸ்டருக்கு டான் வழங்கிய அமைப்பு ஆகியவற்றை வகுப்பின் வாசலில் எழுதி வைக்கவேண்டும். பழுப்பு பெல்ட்டுக்கு மேற்பட்ட தேர்வுகளிலாவது மாணவருக்குக் கற்பிக்காத வெளித் தேர்வாளர் ஒருவர் உட்கார வேண்டும். எந்தப் பிரிவு உயர்ந்தது, எந்தச் சங்கம் அசல் என்ற வழக்குக்குள் அரசு நுழையத் தேவையே இல்லை.

பெற்றோருக்கும் வேலை இருக்கிறது. சேர்ப்பதற்கு முன் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பார்க்கவேண்டும். உட்கார விடாத இடத்தில் பிள்ளையை விடக்கூடாது. 'கடந்த தேர்வில் எத்தனை பேர் தேறவில்லை?' என்று மாஸ்டரிடம் கேட்கவேண்டும். அவர் சொல்லும் எண் ஒன்றிரண்டானாலும் பரவாயில்லை. 'எங்களிடம் யாரும் தோற்பதில்லை' என்று பெருமையாகச் சொன்னால் யோசிக்கவேண்டும். பையனை அடுத்த தேர்வுக்கு வரச்சொன்ன மாஸ்டரிடமிருந்து அவனைப் பிரித்துக் கூட்டிப்போகாமல் இருப்பதும் பெற்றோர் செய்யக்கூடிய பேருதவி.

அரசு நாளையே தொடங்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. சமக்ர சிக்ஷா திட்டத்தின்கீழ் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. இதற்கென ஒரு பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் ஒதுக்கப்படுகிறது. இந்தப் பயிற்சியாளர்களை அழைப்பதும் அவர்களுக்குச் சம்பளம் தருவதும் அரசு. தனியார் கிளாஸ்களைக் கேட்பதற்கு முன், தன் பள்ளி வாசலுக்குள் நுழையும் இந்தப் பயிற்சியாளர்களின் தகுதியையும் பின்னணியையும் சரிபார்த்து, பட்டியலைத் தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே ஒட்டலாம். பயிற்சி முடிந்த மாணவிகளிடம் என்ன கற்றார்கள் என்று ஓர் ஆசிரியை தனியே கேட்டு எழுதி வாங்கலாம். வரும் கல்வியாண்டில் பயிற்சியாளர்களை அழைக்கும்போதே இதைச் செய்துவிட முடியும். இதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ வேண்டியதில்லை.